நாய், பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால்: டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை, செய்யக் கூடாதவை

கால்நடை மருத்துவரிடம் போனதும் அவர் கேட்பது எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, மூத்திரம் போனதா, வாந்தி என்ன நிறம், வீட்டில் ஏதாவது மருந்து கொடுத்தீர்களா? முதல் நான்குக்கும் "தெரியலையே டாக்டர்" என்போம். ஐந்தாவதுக்கு மட்டும் "காய்ச்சலா இருந்துச்சு, அதான் பாதி மாத்திரை..." என்று இழுப்போம். உண்மையில் இது தலைகீழாக இருக்க வேண்டும். பார்த்து வைப்பதும் அளந்து வைப்பதும் நம் வேலை, மருந்து கொடுப்பது அவர் வேலை. கீழே உள்ளதெல்லாம் அந்தப் பிரிவினையை வைத்து எழுதியதுதான்.

நன்றாக இருக்கும்போதே பார்த்து வையுங்கள்

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தே கிடந்தால் ரத்தசோகை அல்லது உள்ளே எங்கோ ரத்தக்கசிவு, மஞ்சளாக இருந்தால் காமாலை, நீலம் தட்டினால் மூச்சுக்கோளாறு, வெயிலில் நின்ற நாய்க்குச் செக்கச்செவேல் என்று இருந்தால் வெப்பத் தாக்கு. சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும், அதற்குக் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கம் பாருங்கள். ஒட்டிக் காய்ந்திருக்கும் ஈறு, உடம்பில் நீர் வற்றியதற்கும் அடையாளம்.

காய்ச்சலுக்கு மூக்கைத் தொட்டுப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். மூக்கு காய்ந்திருப்பதற்கும் காய்ச்சலுக்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை, நல்ல நாய்க்கே தூங்கி எழுந்தால் மூக்கு காய்ந்துதான் இருக்கும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை இதற்கென்றே தனியாக வாங்கி, நுனியில் வாசலின் தடவி, ஆசனவாயில் ஒரு அங்குலம் போல விட்டுப் பாருங்கள் (பூனைக்கும் சின்ன நாய்க்கும் அதைவிடக் குறைவாக). நாய்க்கும் பூனைக்கும் 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இயல்பான சூடு. நமக்கு 98.6 என்ற கணக்கை மனதில் வைத்துக்கொண்டு 102-ஐப் பார்த்துப் பதறுகிறவர்கள்தான் அதிகம், அந்தப் பதற்றத்தில்தான் தப்பான மாத்திரை உள்ளே போகிறது. ஓடிவிட்டு வந்த உடனேயோ ஆட்டோவில் பயந்து நடுங்கிக்கொண்டு இருக்கும்போதோ 103 காட்டலாம், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பாருங்கள். 104-ஐத் தாண்டினால் அன்றே டாக்டர். 99-க்குக் கீழே இறங்கினால் அது காய்ச்சலைவிட மோசம் (பிறந்து ஓரிரு வாரமே ஆன குட்டிகளுக்கு மட்டும் இயல்பான சூடே இதைவிடக் குறைவு). உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள், அதற்குச் செரிக்காது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடவும் கூடும். முதலில் துணி சுற்றி, வெந்நீர் பாட்டிலைத் துணியில் பொதிந்து பக்கத்தில் வைத்து, சூடு ஏறிய பிறகுதான் பால்.

மூச்சை எண்ணுவது எல்லாவற்றையும்விடச் சுலபம். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். வயதான நாய்க்கு இது தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது சகஜம், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால் அது அவசரம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

எடை தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எல்லா மருந்தும் கிலோ கணக்குதான். தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

மாத்திரைப் பெட்டியை மூடுங்கள்

பூனைக்குப் பேரசிட்டமால் விஷம். கொஞ்சம் கொடுத்தால் பரவாயில்லை என்கிற அளவே கிடையாது, டோலோ, குரோசின், குழந்தைகளுக்கான சிரப் எதுவானாலும் சரி. நம் கல்லீரல் இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வழி பூனைக்கு ஏறக்குறைய இல்லை. அதனால் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனே கெட்டுப்போகிறது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரே ஒரு மாத்திரையில் பூனை சாகலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று. இதற்கு மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு போனால் காப்பாற்ற முடியும்.

நாய்க்கு இபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் ஆகாது. வயிற்றில் புண், ரத்தவாந்தி, அப்புறம் சிறுநீரகம். (மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் போடுவதை இந்திய அரசு 2006-ல் தடை செய்தது வேறு காரணத்துக்காக: அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாக அழிந்தன. ஒரு பறவையினத்தையே கவிழ்த்த மாத்திரையை நாம் மூட்டுவலிக்குச் சாதாரணமாக விழுங்குகிறோம்.) நாய்க்கு வலிக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன, டாக்டர் எழுதித் தருவார்.

நாயும் பூனையும் ஒரே வீட்டில் இருந்தால் இன்னொன்று. நாயின் முதுகில் ஊற்றும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் ஆகாது, பூனைக்கு வலிப்பு வரும். தரை துடைக்கும் பினாயிலும் பூனைக்கு ஆகாத சரக்குதான், ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும். தரை காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள், முடிந்தால் வேறு எதையாவது வைத்துத் துடையுங்கள்.

ஏதாவது விஷத்தைத் தின்றுவிட்டால் உப்புக் கரைசல் புகட்டி வாந்தி எடுக்க வைக்கச் சொல்லும் அக்கம்பக்கத்து யோசனை எல்லா ஊரிலும் இருக்கிறது. செய்யாதீர்கள். வாந்தி வராவிட்டால் அந்த உப்பு ரத்தத்தில் ஏறி மூளையைப் பாதிக்கும். மண்ணெண்ணெய், ஆசிட் போன்றவை உள்ளே போயிருந்தால் வாந்தி எடுக்க வைப்பதே ஆபத்து, ஆசிட் போகும்போது சுட்ட தொண்டையை வரும்போதும் சுடும், மண்ணெண்ணெய் நுரையீரலில் இறங்கிவிடும். பாக்கெட்டையோ பாட்டிலையோ கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

சாப்பாட்டில் சாக்லேட் ஆகாது என்பது இப்போது பலருக்குத் தெரிந்திருக்கிறது. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும் என்பது அவ்வளவாகத் தெரியவில்லை, தெரிந்தாலும் நம் வீட்டுக் குழம்பில் வெங்காயம் இல்லாத நாள் ஏது? திராட்சை, உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் புளியிலும் தாராளமாக இருக்கிறது. ஆகவே மிஞ்சின புளிக்குழம்புச் சோற்றை நாய்த் தட்டில் கொட்டும் பழக்கம் வேண்டாம். உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் சோறும் தனியாக எடுத்து வைத்தால் போதும், எலும்பை மட்டும் எடுத்துவிடுங்கள், வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடையும்.

பூனையைத் தயிர்சாதத்தில் வளர்க்க முடியாது. டாரின் என்கிற சத்தைப் பூனையின் உடம்பால் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது, அது இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் வர வேண்டும். அது கிடைக்காமல் போனால் கண்பார்வை போகும், இதயம் பலவீனமாகும். உங்கள் வீடு சைவம் என்றால் நாய் வளர்க்கலாம், சமாளித்துவிடலாம். பூனை வளர்ப்பதென்றால் அதற்குத் தனியாக அசைவம் வாங்கத்தான் வேண்டும்.

குட்டிகள்: ஊசியும் பூச்சி மருந்தும்

நாய்க்குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, அதன்பிறகு 3-4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை. இது பார்வோ, டிஸ்டெம்பர், கல்லீரல் அழற்சி முதலியவற்றைத் தடுக்கும் கூட்டு ஊசி. வெறிநோய் ஊசி 3 மாதத்தில், பிறகு ஆண்டுக்கொரு முறை. எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் ஆண்டுதோறும் போட வேண்டும், மழைக்காலத்துக்கு முன் போட்டால் நல்லது. பூனைக்குட்டிக்கு 8 வாரத்தில் தொடங்கி அதே இடைவெளியில் மூன்று நோய்க்கான கூட்டு ஊசி, 3 மாதத்தில் வெறிநோய் ஊசி.

"ஒரு ஊசி போட்டாச்சு, போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. தாயின் சீம்பாலிலிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் சேர்த்து அடித்துவிடும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கடைசி ஊசி முடிந்து ஓரிரு வாரம் ஆகும்வரை தெருவில் இறக்கிவிட வேண்டாம். மருந்துக்கடையில் நீங்களே ஊசி மருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் போவதும் வீண், அது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே இருக்க வேண்டிய சரக்கு.

பார்வோ வந்தால் குட்டி முதலில் சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி எடுக்கும், அடுத்து ரத்தம் கலந்த பேதி. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. நீர்ச்சத்து வற்றிச் சாகாமல் டிரிப்ஸ் ஏற்றி, வேறு கிருமி கூடவே தொற்றாமல் ஆன்டிபயாடிக் போட்டு, உடம்பு தானே ஜெயிக்கும்வரை தாக்குப்பிடிக்க வைப்பதுதான் வைத்தியம். சீக்கிரம் போனால் நிறையக் குட்டிகள் பிழைக்கின்றன, "இன்னிக்கு ஒரு நாள் பார்ப்போம்" என்று விட்டால் அந்த ஒரு நாளில்தான் கைமீறிப் போகிறது. இந்த நேரத்தில் பால் கொடுக்காதீர்கள். நோய் வந்துபோன இடத்தைப் பினாயிலால் கழுவிப் பிரயோசனமில்லை. முதலில் கழிவை எல்லாம் அள்ளிச் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். மண் தரையில் அந்த வைரஸ் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும், ஆகவே அந்த வீட்டுக்கு ஊசி முடிக்காத இன்னொரு குட்டியைக் கொண்டுவராதீர்கள்.

பூச்சி மருந்து: நாய்க்குட்டிக்கு வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து உருண்டைப்புழு வந்துவிடும், பூனைக்குட்டிக்குப் பால் வழியாக வரும். ஆகவே "இது வெளியே எதுவும் தின்னலையே" என்ற வாதம் செல்லாது. இரண்டு, மூன்று வார வயதிலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை, ஆறு மாதம் தாண்டினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பின்பக்கம் அரிசி மணிபோல ஒட்டிக்கொண்டு நெளிந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது, தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்ப வரும்.

உண்ணி

தமிழ்நாட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பணத்தையும் தூக்கத்தையும் தின்பது இதுதான். நம் ஊரில் அதிகம் காணும் பழுப்பு நாய் உண்ணி நாயின்மேலேயே குடியிருப்பதில்லை. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவரில் ஏறி, விரிசலிலும் கதவு நிலைக்குப் பின்னாலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நீங்கள் நாயை மட்டும் எத்தனை முறை குளிப்பாட்டினாலும் அடுத்த படை சுவரிலிருந்து இறங்கி வந்துகொண்டே இருப்பது இதனால்தான். விரிசலைப் பூசி அடையுங்கள், நாய் படுக்கும் துணியை வெந்நீரில் போடுங்கள், கூண்டின் மூலைகளில் மருந்தடியுங்கள், மருந்து காயும்வரை நாயை வேறு இடத்தில் கட்டிவையுங்கள். நாய்க்கு இப்போது மாதம் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மெல்லும் மாத்திரைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. விலைதான் கொஞ்சம் உறைக்கும். வலிப்பு வரும் நாய் என்றால் வாங்குவதற்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஒட்டியிருக்கும் உண்ணியை எடுக்க ஒரு சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, ஊதுபத்தியால் சுடுவது எல்லாம் வேண்டாம், உண்ணிக்கு வலிக்கிறதோ இல்லையோ நாய்க்கு வலிக்கும். விரலால் நசுக்காதீர்கள்.

உண்ணிக் காய்ச்சல் ஒருநாளில் தெரியாது. சாப்பாடு குறையும், சோர்ந்து படுக்கும், காய்ச்சல் வந்து வந்து போகும். வயிற்றுத் தோலில் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம், வெளுத்த ஈறு வந்துவிட்டால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் நன்றாக இறங்கிவிட்டன என்று அர்த்தம். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்கிற கிருமி என்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, பெரும்பாலும் 28 நாள். ஐந்தாம் நாளே நாய் எழுந்து வாலாட்டிச் சாப்பிடத் தொடங்கும், அங்கேதான் நம் ஆட்கள் மாத்திரையை நிறுத்துவார்கள். நிறுத்தாதீர்கள், அரைகுறையாக அடங்கிய கிருமி எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்துகொண்டால் பிறகு எழுப்புவது கஷ்டம். சாப்பாட்டோடு கொடுங்கள், பாலில் கலக்காதீர்கள். பூனைக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தால் பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர் புகட்டுங்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் அது உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபேசியாவாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்கும் குத்திவிடுகிறவர்கள் கிராமத்தில் உண்டு. கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு மரபணுவிலேயே ஒரு குறை இருப்பதால் அந்த மருந்து மூளைக்குள் போய்விடும். மற்ற நாய்களுக்கும் அளவு தப்பினால் அதே கதிதான்.

மணி பார்க்காமல் கிளம்ப வேண்டிய நேரங்கள்

ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து, முக்கி, கத்தி, ஒரு சொட்டும் வராமல் திரும்பினால் அது மலச்சிக்கல் இல்லை, மூத்திரக்குழாய் அடைப்பு. விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். வளர்ப்பவர்களுக்கு இது தெரியாததால் செத்துப்போன பூனைகள் ஏராளம் என்பதால் முதலில் சொல்கிறேன். பூனை தொடர்ந்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாலும், குறிப்பாகக் குண்டுப் பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கும். நாய்போல அது பட்டினி தாங்காது.

நெஞ்சு ஆழமான பெரிய நாய்கள், அதாவது கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு மத்தளம்போல உப்பி, ஓங்கரித்தும் வாந்தி வராமல், நிலைகொள்ளாமல் அலைந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆபரேஷன் ஒன்றுதான் வழி.

கருத்தடை செய்யாத பெண் நாய், ஹீட் (இணைசேரும் பருவம்) முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் தண்ணீராகக் குடித்து, சோர்ந்து, சீழ் வடிந்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கிறது. சில சமயம் வெளியே எதுவும் வடியாது, அது இன்னும் ஆபத்து. கருத்தடை ஆபரேஷனை முன்பே செய்திருந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

அக்னி நட்சத்திர வெயிலில் நாய் தள்ளாடி விழுந்தால், பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையானவை முதலில் விழும், நிழலுக்குத் தூக்கி, குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, மின்விசிறி போடுங்கள். நனைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், மருத்துவமனையில் போய்க் குளிரவைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஈரத்துணியைப் போர்த்தி விடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். 103-க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்துங்கள்.

எலி மருந்தில் ஒரு வகை ரத்தத்தை உறையவிடாது. தின்ற அன்றும் மறுநாளும் நாய் நன்றாகத்தான் இருக்கும், மூன்று நான்கு நாள் கழித்து ரத்தம் கசியும். "ஒன்னும் ஆகலை" என்று விட்டுவிடாமல் முதல் நாளே போனால் வைட்டமின் கே கொடுத்துத் தடுத்துவிடலாம்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது இரண்டும் வேண்டாம், நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கண்ணாடி விரியன் கடித்தால் முகமோ காலோ வீங்கும், நல்ல பாம்பு கடித்தால் கால் துவண்டு மூச்சு தடுமாறும். மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-லிருந்து இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்துதான் இந்த நாட்டு விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி வருகிறது. எல்லாக் கிளினிக்கிலும் அது இருப்பு இருக்காது, ஆகவே போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரவில் எங்கே போவது என்று இப்போதே விசாரித்து வைப்பது நல்லது. சென்னையில் வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், வெளியூர்களில் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளும் மருத்துவமனையோடு சேர்ந்தவை.

வலிப்பு வந்தால் வாயில் கையையோ கரண்டியையோ விடாதீர்கள். சுற்றியுள்ள பொருட்களை விலக்கி, விளக்கை அணைத்து, நேரத்தைப் பாருங்கள், கையில் போன் இருந்தால் வீடியோ எடுங்கள், டாக்டருக்கு நீங்கள் வர்ணிப்பதைவிட அது பத்து மடங்கு பயன்படும். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே தூக்குங்கள்.

கடி வாங்காமல் தூக்குவது

அடிபட்ட நாய் வளர்த்தவரையே கடிக்கும், அது துரோகம் இல்லை, வலி. துப்பட்டாவையோ கட்டுத்துணியையோ மூக்கைச் சுற்றிக் கட்டி, தாடைக்குக் கீழே ஒரு சுற்று சுற்றி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். மூச்சு வாங்கும் நாய்க்கும் வாந்தி எடுக்கும் நாய்க்கும் இப்படிக் கட்டக் கூடாது. பூனையைக் கையில் பிடித்துக்கொண்டு பைக்கில் போவது நடக்காத காரியம், மூடியுள்ள கூடையில் வைத்து மேலே துண்டைப் போர்த்துங்கள், இருட்டில் அடங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. நாய்க்குத் திடீரென்று குரல் மாறி, எச்சில் ஒழுகி, தாடை தொங்கி, தண்ணீர் விழுங்க முடியாமல் திணறினால் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விடாதீர்கள். வெறிநோயும் இப்படித்தான் இருக்கும். தனியாக அடைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே எச்சில் பட்டிருந்தாலோ, எந்த நாயோ பூனையோ கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்க வேண்டாம். தெரு நாய்களுக்குச் சோறு வைக்கிறவர்கள், குட்டிகளைத் தூக்கி வளர்க்கிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே ஊசி போட்டுக்கொள்ளலாம்: முதல் நாள் (அதை 0 என்று வைத்து எண்ணுங்கள்), 7-ம் நாள், அப்புறம் 21 அல்லது 28-ம் நாள். அதை முழுதாகப் போட்டவர்களுக்குப் பின்னால் கடி விழுந்தால் முதல் நாளும் 3-ம் நாளும் இரண்டு ஊசி போதும், காயத்தைச் சுற்றிப் போடும் அந்த வலிக்கிற இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது.